சுவர்க்கோழிக்குக் கண் உண்டு

எங்கள் தெருவில் அவருக்குப் ‘பூச்சி டீச்சர்’ என்று பெயர். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இதை அன்றைக்கே குறித்து வைத்தீர்களா அக்கா, இல்லை இப்போது தோன்றுகிறதா?’ என்று கேட்டு அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்துவிடும். குறித்து வைக்கவில்லை. ஞாபகத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் இருந்த வீட்டில் மூன்று குடித்தனம். முன்பக்கம் வீட்டுக்கார அம்மா. நடுவில் நானும் என் மகளும். பின்கட்டில் கிணற்றை ஒட்டி ஒற்றை அறை. அதற்குத்தான் எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் அவர் குடி வந்தார். கும்பகோணத்துப் பெண். ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துகிறவர்களுக்குக் கீழே, சோதனைக்கூடத்தில் மாணவர்களுக்குத் தவளை அறுத்துக் காட்டும் வேலை. முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. எனக்கு முப்பத்தாறு. என் கணவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் டிரேசராக இருந்தேன். இன்ஜினீயர்கள் பென்சிலில் போடும் இயந்திரப் படங்களை, மேலே ஒரு மெல்லிய தாளை விரித்து மசியில் பிரதி எடுப்பது என் வேலை.

அவர் வந்த அன்றே வீட்டுக்கார அம்மா எச்சரித்தார். “கெணத்தாண்ட சாயங்காலத்துக்கு மேல போவாதம்மா. நல்ல பாம்பு கீது.”

“நீங்க பாத்தீங்களாம்மா?”

“நான் பாக்கல. எதிர் வூட்டுக்காரி சொன்னா.”

வேறு யாராக இருந்தாலும் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவர் எதிர் வீட்டுக்குப் போனார். எதிர் வீட்டு அம்மாள் பக்கத்து வீட்டைக் கைகாட்ட, அவர்கள் கோடி வீட்டைக் கைகாட்ட, ஒரு வாரம் தெருவெங்கும் நடந்து கடைசியில் பால்காரரிடம் போய் நின்றார். அந்தப் பாம்பைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். கண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்டபோது அது செத்துக் கிடந்தது.

“பாம்பு இருந்தது உண்மைதாம்மா,” என்று திரும்பி வந்து வீட்டுக்கார அம்மாவிடம் மரியாதையாகவே சொன்னார். “செத்த பாம்பு.”

“இன்னா பொம்பளடீ இவ!” என்று அந்த அம்மாள் என்னிடம் வந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

நீங்க பாத்தீங்களா? அவரிடமிருந்து இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேனோ. குரலில் கிண்டல் இருக்காது, சந்தேகம்கூட இருக்காது. பசித்தவர் ‘சாதம் ஆயிடுச்சா’ என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

என் வேலை என்னவென்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணாடிப் புட்டியோடு வந்தார். உள்ளே சாராயத்தில் ஒரு பூச்சி மிதந்தது. கால்களெல்லாம் நூல் நூலாக, சிலந்தியோ என்று நினைத்தேன்.

“சுவர்க்கோழி அக்கா. குகைக்குள்ள இருக்குறது. இத எனக்கு இங்க்ல வரைஞ்சு குடுப்பீங்களா? ஆராய்ச்சிக்கு.”

அவர் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேலை நாட்களில் கல்லூரி, ஞாயிறு தோறும் குகை. சென்னையில் ஒரு பேராசிரியர் அவருக்கு வழிகாட்டி.

கடைசல் இயந்திரத்தையே வரைகிறவளுக்கு ஒரு பூச்சி எம்மாத்திரம் என்று ஒப்புக்கொண்டேன். வலது பக்கத்து மூன்று கால்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பிறகு தாளை மடித்து, அதே கோடுகளை இடது பக்கத்துக்கு எடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் பொருளை யாரும் இரண்டு முறை அளப்பதில்லை.

படத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் பார்வை இடது பக்கம் வந்து நின்றது.

“அக்கா, இந்த நடுக்கால நீங்க பாத்தீங்களா?”

“அந்தப் பக்கம் இருக்குறதுதானே டீச்சர்?”

புட்டியைத் திருப்பி லென்ஸை என் கையில் கொடுத்தார். இடது நடுக்கால் வலதில் பாதிதான் இருந்தது. குஞ்சாக இருக்கும்போது எதிலோ மாட்டி முறிந்து, தோல் உரிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்த கால் என்றார். “இது பட்ட கஷ்டம் அக்கா. நாம அத சரி பண்ணிடக் கூடாது.”

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கோட்டில் குற்றம் கண்டுபிடித்தவர்கள் அதுவரை யாருமில்லை. ஆனாலும் அரை பிளேடை எடுத்து மசியைச் சுரண்டிவிட்டு, அந்தக் குட்டைக் காலை வரைந்தேன். அதை வரைந்து முடிப்பதற்குள் மற்ற ஐந்து கால்களைவிட அதுதான் எனக்குப் பழக்கமானதாகிவிட்டது.

அதற்கப்புறம் ஞாயிறுகளில் நானும் போக ஆரம்பித்தேன். செத்ததை வரைந்தால் போதாது, உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு வரையுங்கள் என்று அவர்தான் கூப்பிட்டார். என் மகள் வீட்டுக்கார அம்மாவோடு இருந்துகொள்வாள். மணிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையோடு நடந்து, அதற்கப்பால் வயல் வரப்பிலும் முள்ளுக்காட்டிலும் ஒரு மணி நேரம். ஒரு கருங்கல் குன்று வரும். வௌவால் பாறை என்பார்கள். இரண்டு பெரும்பாறைகள் சாய்ந்து நிற்கும் இடுக்கில் குனிந்து நுழைந்து, கொஞ்ச தூரம் தவழ்ந்தால் உள்ளே ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு அறை.

குன்றின் மறுபக்கம் கல் உடைத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார்.

“இன்னாம்மா, பொம்பளைங்க ரெண்டு பேரு பொந்துக்குள்ள இன்னா தேடறீங்கோ? பொதையலா?”

“பூச்சிங்க,” என்றார் டீச்சர்.

“பூச்சியா? அதுக்கா பஸ் ஏறி வந்துகினு கீறீங்கோ? எங்க வூட்டாண்ட வந்தா கூடை கூடையா தருவனே!”

டீச்சர் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் என்னென்ன பூச்சி உண்டு, எந்த மாசத்தில் வரும் என்று அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் விசாரித்தார். அந்த மனிதர் கடைசியில் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்.

முதல் இரண்டு ஞாயிறு நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது முறை உள்ளே போனேன். வௌவால் எச்சத்தின் நெடி தொண்டையைப் பிடித்தது. காற்று ஈரத் துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. டீச்சர் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக் கட்டியிருந்தார். சிவப்பு வெளிச்சம் இவற்றுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றார். பாறையில் ஊன்றியிருந்த என் புறங்கையில் ஏதோ பட்டது. நூல் மாதிரி. விலகியது. மறுபடி வந்து விரல் விரலாகத் தடவியது.

“அசையாதீங்க அக்கா. உங்கள யாருன்னு பாக்குது.”

மீசை. அரைச் சாண் தூரத்தில் பாறை இடுக்கில் இருந்தது பூச்சி. அதன் உடம்பைப்போல நாலைந்து மடங்கு நீளமான மீசையை நீட்டி அங்கிருந்தே என்னை விசாரித்துக்கொண்டிருந்தது.

வீட்டுச் சுவரிடுக்கில் கத்துகிற சுவர்க்கோழியை நமக்குத் தெரியும். கருகருவென்று, குண்டாக, பளபளவென்று இருக்கும். இறக்கையோடு இறக்கையை உரசித்தான் அது கத்துகிறது. அதன் காது முன்காலில், முட்டிக்குக் கீழே இருக்கிறது. இதெல்லாம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். குகைக்குள் இருந்தது அதற்கு ஒன்றுவிட்ட உறவு என்றார். ஆனால் வெளிறிய தேன் நிறம். உடம்பு சிறுத்து, கால்கள் நீண்டு, உயர்ந்து நின்றது. இறக்கை இல்லை. ஆகவே கத்தவும் முடியாது. யாரும் கத்தாத இடத்தில் காதுக்கு வேலை இல்லாமல், முன்காலில் காது இருக்கவேண்டிய இடம் வழவழவென்று மூடிப்போயிருந்தது. வாலில் இரண்டு நீண்ட மயிர்க்கொம்புகள். நான் மூச்சுவிட்டால்கூட அந்தக் காற்று அவற்றில் பட்டு, பூச்சி ஓரடி தள்ளிப்போனது. தோல் அத்தனை மெல்லிசு. ஒரு சித்திரை மாதத்தில் பஸ் தாமதமானபோது டப்பாவுக்குள் இருந்த இரண்டு பூச்சிகள் அரை மணியில் வாடிச் செத்துப்போயின. அதற்குப் பிறகு ஈரச் சாக்கு சுற்றிய மண்சட்டியில் வைத்துத்தான் கொண்டுவருவார். பஸ்ஸில் அந்தச் சட்டியை மடியில் வைத்திருப்பதைப் பார்த்து, கோயிலில் பொங்கல் வைக்கச் சட்டி கொண்டுபோகிறோம் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தவர்கள் உண்டு.

கண்தான் பிரச்சினையானது. ஆரம்பத்தில் டீச்சரே அந்தப் பூச்சிக்குக் கண் இல்லை என்றுதான் நினைத்திருந்தார். புட்டியில் இருந்தவற்றில் கண் இருக்கவேண்டிய இடம் வெறும் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனால் உயிரோடு இருப்பதை லென்ஸில் பார்த்தபோது, மீசையின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக ஊசி முனையளவு கருப்புப் புள்ளி. சாராயத்தில் போட்ட சில வாரங்களில் அந்தக் கருப்பு கரைந்துவிடுகிறது என்பதை நாள்வாரியாகக் குறித்துவைத்துக் கண்டுபிடித்தார்.

புள்ளி இருந்தால் போதுமா, அது பார்க்கிறதா? அதற்கு ஒரு ஞாயிறு முழுக்கச் செலவழித்தோம். சிவப்புத் தாளை எடுத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தைக் காட்டினார். பூச்சி மெல்லத் திரும்பி இருட்டுக்குள் போனது. நான் கைதட்டாத குறை. அவர், “இருங்க அக்கா, சூட்டுக்குப் போயிருக்கலாம்” என்றார். டார்ச்சின் சூடு பூச்சியை எட்டாதபடி நடுவில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலையானது. கை மரத்துப்போகும் வரை பிடித்தேன். வேறு வேறு பூச்சிகளிடம் திரும்பத் திரும்பச் செய்தார். திரும்பியவை, திரும்பாதவை இரண்டையும் எழுதினார். பெரும்பாலும் திரும்பின. வெளியே வந்தபோது அவர் முழங்கை இரண்டும் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இருக்கு அக்கா. கொஞ்சூண்டு இருக்கு. வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியுற அளவுக்கு.”

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவரை நான் ஒரேயடியாகத் தூக்கிவைப்பதாக நினைக்கக் கூடாது. ஒரு மாலை என் கணவர் பேச்சு வந்தது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் லாரி மோதி இறந்தவர். “வலியே தெரியாம உடனே போயிட்டாராம்” என்று சொன்னேன். ஏழு வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே வாக்கியம் அது.

“யாரு சொன்னாங்க அக்கா? அவங்க கூட இருந்தாங்களா?”

கேட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு வாரம் பேசவில்லை. ஒரு காலையில் கிணற்றடியில் வாளியோடு நின்றவர், “எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியல அக்கா. அத நான் கேட்டிருக்கக் கூடாது” என்றார். அழுதிருந்தார். நான் மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவருக்கு நான் எத்தனையோ நன்றி சொல்ல வேண்டியவள். இதற்கு மட்டும் கிடையாது.

படங்கள் முடிந்ததும் பேராசிரியரிடம் காட்ட என்னையும் சென்னைக்கு அழைத்துப்போனார். பேராசிரியர் நல்ல மாதிரியாகத்தான் வரவேற்றார். காப்பி வரவழைத்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, தலையின் படம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“பிரமாதமா வரைஞ்சிருக்கீங்கம்மா. இந்த ரெண்டு புள்ளிய மட்டும் எடுத்துடுங்க.”

எடுப்பது எனக்கு அரை நிமிஷ வேலை. பிளேடு பையிலேயே இருந்தது.

“அது கண் சார்,” என்றார் டீச்சர்.

“ஸ்பெசிமன்ல எங்க இருக்கு?” மேஜை மேலிருந்த புட்டியைத் தட்டிக் காட்டினார். “வெளிநாட்டுக்கு எழுதியாச்சு. நம்ம பக்கத்துல முழுக் குருட்டுச் சுவர்க்கோழின்னு. அவங்க கட்டுரையைக் கேட்டு எழுதியிருக்காங்க.”

“ஸ்பிரிட்ல போட்டா வெளுத்துடுது சார். உயிரோட இருக்கறப்ப இருக்கு. வெளிச்சத்துக்குத் திரும்புது. நான் பாத்தேன். இவங்களும் பாத்தாங்க.”

“நீ ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர்மா. இவங்க டிரேசர்.”

“வந்து பாருங்க சார். மணிமங்கலம் பக்கம்தான். பஸ்ஸிலயே போயிடலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டீச்சர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். “போலாம் அக்கா.” அந்த மனிதருக்கு வணக்கம் சொல்லவும் மறக்கவில்லை.

பூந்தமல்லி தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்: “பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு அக்கா. எங்கப்பா காலேஜுக்கே அனுப்ப மாட்டேன்னாரு. அவருக்கு ஒரு கார்டு போடணும்னு இருந்தேன்.” பிறகு இரண்டு நாள் கல்லூரிக்குப் போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டுப் போனார். பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பேராசிரியர் மேல் அவர் கோபப்பட்டும் நான் கேட்டதில்லை. வந்து பார்க்கவில்லையே என்றுதான் வருத்தம்.

அதற்கு அடுத்த வருஷம் என் தொழிற்சாலையில் ஒரு விபத்து. பிள்ளைப்பாக்கத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருவருக்குப் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. தகட்டை வைக்கும்போதே பிரஸ் இறங்கிவிட்டது. திங்கட்கிழமை டிசைன் மேனேஜர் அந்தக் கருவியின் மூலப்படத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“சின்ன திருத்தம்மா. முன்னாடி ஒரு கம்பித் தடுப்பு காட்டிடுங்க, கை உள்ள போகாத மாதிரி. பழைய தேதியே இருக்கட்டும். வியாழக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார்.”

படத்தில் தடுப்பு இருந்தால், அதைக் கழற்றிவிட்டு வேலை செய்தது தொழிலாளியின் குற்றம் என்றாகும். அது எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கு ஒரு மகள் இருந்தாள். வேறு வேலை இல்லை. தடுப்பை வரைந்தேன். அதைப் பொருத்துவதற்கு நான்கு போல்ட் துளைகளையும் வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று மாலை பின்கட்டுக்குப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் திருப்பித் திட்ட என்னிடம் பதிலும் இருந்தது: உங்களுக்கென்ன, தனிக்கட்டை.

அவர் திட்டவில்லை. “அந்த மெஷின நீங்க பாத்தீங்களா அக்கா?” என்றார்.

“நான் ட்ராயிங் ஆபீஸ் டீச்சர். ஷாப் பக்கம் போனதே இல்ல.”

“ஒரு தடவை போய்ப் பாத்துடுங்க. அப்புறம் உங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

நான் ஆறு வருஷமாக வரைந்துகொண்டிருந்த இயந்திரங்களை மறுநாள்தான் முதல் முறையாகப் பார்த்தேன். தரை அதிர்ந்தது. எண்ணெய் நாற்றம். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பிரஸ்ஸின் முன்னால் போய் நின்றேன். அதே இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து தகடு வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கையை விட்டு, இழுத்து.

“இங்க ஒரு தடுப்பு இருந்துதாப்பா?”

“இன்னா தடுப்பு? எட்டு மாசமா இந்த லைன்லதான் கீறேன். ஒண்ணும் பாத்ததில்லக்கா.”

குனிந்து பார்த்தேன். இரும்புப் பலகையின் முகப்பில் கை வைத்துத் தடவியும் பார்த்தேன். பழைய பச்சைப் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. முந்தின நாள் நான் வரைந்த நான்கு துளைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

வியாழக்கிழமை மேனேஜர் அறைக்குப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் வயதானவர், காது சரியாகக் கேட்காதவர். ஆகவே நான் உரக்கச் சொல்லவேண்டி வந்தது. “சார், இந்தத் தடுப்பு போன வாரம் படத்துல இல்ல. திங்கக்கிழமை நான் வரைஞ்சேன். மெஷின்ல அதுக்குத் துளையே கிடையாது. நான் போய்ப் பாத்தேன்.” என் குரல் வெளி வராந்தா வரைக்கும் போயிருக்கும். மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, “காட்டுங்க” என்றார்.

விரல் போனவருக்கு வேலை போகவில்லை. ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாசத்துக்குள் எல்லாப் பிரஸ்ஸிலும் கம்பித் தடுப்பு ஏறியது. அதற்கான படங்களை வரைந்தது வேறு டிரேசர். என்னைப் படங்களை நகல் எடுக்கும் புளூபிரின்ட் அறைக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க அமோனியா நெடியில் கண்ணீர் வழியும் இடம். ஒரு வருஷம் தாங்கினேன். அதற்குள் டீச்சர் தன் கல்லூரியில் அவரிடமும் இவரிடமும் சொல்லி, விலங்கியல் செய்முறைப் புத்தகம் ஒன்றுக்குப் படம் போடும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தார். கரப்பான், தவளை, மண்புழு. அதைப் பார்த்து இன்னொரு கல்லூரி கேட்டது. அப்படியே அதுதான் என் தொழிலாயிற்று. மகளைப் படிக்கவைத்ததும் அவள் கல்யாணத்துக்குச் செலவழித்ததும் அந்தப் படங்களால்தான். ஒவ்வொரு பூச்சியிலும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் வரைந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வௌவால் பாறையில் பெரிய குவாரி வந்தது. வெடி வைத்ததில் குகை வாய் மூடிப்போனது. அந்தக் கல்தான் பின்னால் மறைமலை நகர்ப் பக்கம் ரோடுகளுக்குப் போனதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. டீச்சர் தன் குறிப்பேடுகளையும் என் படங்களையும் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்துப் போனார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. கார்டுகள் வந்துகொண்டிருந்தன.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முதல் பத்திரிகை அவருக்குத்தான் அனுப்பினேன். வருகிறேன் என்று எழுதவில்லை. ‘பஸ் கிடைப்பதைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று எழுதியிருந்தார்.

ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு சத்திரத்தில் கல்யாணம். என் கணவரின் தம்பியும் அவர் மனைவியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். நான் சமையற்கட்டுக்குப் பக்கத்து நடையில், காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போய் நின்றேன். தாலி கட்டும் நேரத்தில் என்னைப் போன்றவர்கள் எதிரில் இருக்கக் கூடாது என்பது எனக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை. இலை போதுமா, பாயசத்துக்கு முந்திரி வறுத்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மேளச் சத்தம் கேட்டது. புகை தெரிந்தது. மேடை தெரியவில்லை.

அப்போது அவர் வந்தார். கையில் பை, தலை கலைந்திருந்தது, மூன்று பஸ் மாறி நேராக வந்திருக்கிறார். காதோரம் நரை. என்னைத் தேடி மண்டபம் முழுக்கச் சுற்றிவிட்டு இங்கே வந்திருக்கிறார் என்பது மூச்சு வாங்கியதில் தெரிந்தது.

“அக்கா, இங்க என்ன பண்றீங்க? தாலி எடுத்தாச்சு.”

“நான் பாக்கக் கூடாது டீச்சர்.”

“ஏன்?”

“ஆகாதுன்னு சொல்வாங்க.”

வாயைத் திறந்தார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பையைக் காய்கறி மூட்டை மேல் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ்ஸில் வந்த கை, புழுதியும் வியர்வையுமாக இருந்தது. நடையைத் தாண்டி, பந்திப் பாய்களைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களின் நடுவாக இழுத்துக்கொண்டு போனார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் ஓரகத்தி மேடை ஓரத்திலிருந்து, “அங்கயே நில்லுங்கக்கா…” என்று ஆரம்பித்தாள்.

“இவங்கதாம்மா பொண்ணோட அம்மா,” என்றார் டீச்சர், அவளுக்கு அது தெரியாது என்பதைப் போல, மிகவும் மரியாதையாக.

மேடை மேல் என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் போன போக்கை நான் எந்தத் தாளிலும் வரைந்துவிட முடியாது. டீச்சர் ஓர் உயரமான ஆளைத் தோளில் தட்டி நகரச் சொல்லிவிட்டு, என்னை அந்த இடத்தில் நிறுத்தினார். யாரோ என் உள்ளங்கையில் அட்சதையைத் திணித்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்தார். ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று.

என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்த்தேன்.